அறிவிப்பார் கடன்

ஒருவர் தொடங்கிய வினையை மற்றொருவர் முடிக்குமிடத்து, முன்னவர் கண்டதும் கருதியதும் பின்னவர்க்கு எவ்வாறு சென்று சேரும் என்பது பழைய வினா. ஆசிரியர் மாணாக்கர்க்கு உரைப்பதும், தந்தை மகனுக்குத் தொழில் காட்டுவதும், கணக்கர் தமக்குப் பின் வருவார்க்கு ஏடு வைத்துச் செல்வதும் இவ்வினாவிற்கு உலகம் கண்ட விடைகளாம். அவ்வினா இந்நாளில் கணினித் துறையில் புதியதோர் உருக்கொண்டு எழுந்துள்ளது. அதனைக் காஞ்சிமாநகரில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியை வைத்துக்கொண்டு ஆராயப் புகுகின்றோம்.

கணினிக்கு இடும் கட்டளைத் தொகுதியை நிரல் என்பர். மக்களே எழுதிவந்த நிரல்களை இப்பொழுது செயற்கை நுண்ணறிவு முகவர் எனப்படும் கருவிகளும் எழுதுகின்றன. இன்னது வேண்டுமென்று நாம் பேசும் மொழியிலேயே கூறின், பணியைப் பகுத்துக்கொண்டு, முன்னுள்ள கோப்புகளைப் படித்து, நிரலை எழுதி, சோதித்துத் திருத்துதல் இவற்றின் தொழில். முகவர் என உயர்திணைப் பெயரால் உலகம் வழங்கினும், யாம் இவற்றிற்கு அஃறிணை முடிபே கொடுத்து எழுதுகின்றோம். அதன் காரணம் பின்னர் விளங்கும்.

ஒரு பணியில் பல முகவர்கள் ஈடுபடுதல் இந்நாள் வழக்கு. ஒன்று எழுத, ஒன்று சோதிக்க, மற்றொன்று பிழை நாடும். ஆயின் இவற்றிடத்து ஒரு குறையுண்டு. ஒரு முகவர் ஓர் அமர்வில் அறிந்தது, எழுதிவைத்தாலன்றி, அவ்வமர்வு முடிந்தபின் தானே நிலைநில்லாது. அடுத்த முகவர்க்கும் தானே சென்று சேராது. ஓரமர்வில் அது கருத்திற் கொள்ளத்தக்க செய்தியின் அளவும் வரையறைப்பட்டதே. ஆகவே பணியின் நோக்கம், அத்தொழிலின் வழக்கு, முன்னர்ச் செய்த முடிபு, ஆராய்ந்து விலக்கிய வழி ஆகியவற்றைத் தொகுத்து ஒன்றிலிருந்து மற்றொன்றற்கு வழங்குதல் இன்றியமையாததாயிற்று. இத்தொகுதியைச் சூழல் என்பர். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்' என்னும் பொதுநெறியை வெளியிட்டது. முகவர்கள் பிற கருவிகளோடும் செய்திக் களஞ்சியங்களோடும் தொடர்புகொள்ள அது வழி வகுத்தது. 2025 ஏப்ரலில் கூகுள் நிறுவனம், முகவரும் முகவரும் தம்முட் செய்தி பரிமாறும் நெறியொன்றை அறிவித்தது. இவையன்றி, பணிக்கோப்புகளின் முகப்பில் 'ஏஜென்ட்ஸ்' என்னும் பெயரால் ஒரு குறிப்பேடு வைத்து, வரும் முகவர் ஒவ்வொன்றும் முதற்கண் அதனைப் படிக்குமாறு செய்யும் வழக்கமும் பரவியுள்ளது. செய்தி செல்லும் வழிகள் இங்ஙனம் அமைந்துவிட்டன. அவ்வழியே செல்லும் செய்தி மெய்யாதற்குப் பொறுப்பாவார் யார் என்பதே யாம் எடுத்துக்கொண்ட வினா.

இனி நிகழ்ச்சியைக் கூறுவோம். எம்மிடம் இளமையில் நன்னூல் பாடங்கேட்ட ஒருவர் பிள்ளையார்பாளையத்தில் நெசவாளர் குடியிற் பிறந்தவர். கணினித் தொழில் பயின்று வீட்டிலிருந்தே பணி செய்பவர். அவர் ஒரு தறிமுதலாளிக்காகக் கணக்கு நிரலொன்றை முகவர்களைக் கொண்டு அமைத்தார். எந்தத் தறிக்கு எவ்வளவு பட்டு, எவ்வளவு ஜரிகை நிறுத்துக் கொடுக்கப்பட்டன, நெய்து வந்த புடவை யாது, அதற்குரிய கூலி யாது என்பன அதில் பதியப்படும்.

இவ்விடத்தில் கோர்வை என்னும் நெசவு முறையைச் சிறிது விளக்குதல் வேண்டும். காஞ்சிப் பட்டில் உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக நெய்யுங்கால், உடலுக்கு ஒரு நாடாவும் இரு கரைகளுக்கு இரண்டு நாடாக்களுமாக மூன்று நாடாக்கள் ஓடும். உடலின் ஊடையும் கரையின் ஊடையும் சேருமிடத்தில் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு திரும்பும். அதனாலேயே உடலும் கரையும் பிரியாது நிற்கும். தறியில் அமர்ந்த ஒருவராலேயே இதனை எளிதில் நடத்தவியலாது; பக்கத்தில் துணையாள் ஒருவர் இருந்து ஒரு கரையின் நாடாவை எறிதல் வேண்டும். ஆதலின் புடவை ஒன்றே, உழைப்பார் இருவர். அவ்வீட்டில் துணையாளின் கூலியைத் தனியே எழுதித் திங்கள்தோறும் கொடுப்பது வழக்கம்.

கணக்கிலுள்ள பிழைகளைக் களையுமாறு முதல் முகவர் ஏவப்பட்டது. அது நோக்கியபொழுது, சில புடவைகளுக்கு ஒரே எண்ணும் ஒரே நாளும் உடைய இரண்டு கூலிப் பதிவுகள் இருக்கக் கண்டது. இருமுறை தவறாகப் பதிவாயின என்று கொண்டு, இரண்டாவதை நீக்குமாறு நிரலைத் திருத்தியது. கூட்டுத்தொகைகள் ஒத்திருத்தலைச் சோதித்தபின், ஒரு புடவைக்கு இருமுறை பதிவான கூலி நீக்கப்பட்டது என்றும், சோதிக்கப்பட்டது என்றும் குறிப்பேட்டில் எழுதிவைத்தது. கூலிப்பட்டி அமைக்க வந்த இரண்டாம் முகவர் அக்குறிப்பைப் படித்து, ஒரு புடவைக்கு இரண்டாம் பதிவு வரின் அதனை ஏற்கலாகாது என்னும் விதியையும் சேர்த்தது. பிழை நாட வந்த மூன்றாம் முகவர், நிரலையும் குறிப்பேட்டையும் ஒப்பிட்டு, இரண்டும் பொருந்தின. யாவும் செவ்வனே உள்ளன என்று அறிவித்தது.

அத்திங்கள் முடிவில் துணையாட்களுள் ஒருவராகிய மூதாட்டிக்குக் கூலி வரவில்லை. தம் கை தளர்ந்தமையால் நிறுத்திவிட்டனர் போலும் என்று அஞ்சி, அவர் பல நாள் வாய் திறவாதிருந்தார். தறியில் உடனிருந்து நெய்பவர் தற்செயலாக வினவியபோதே செய்தி வெளிப்பட்டது. எம் மாணாக்கர் மிக வருந்தி எம்மிடம் வந்து, "ஐயா, பொய் சொன்னவர் இதில் ஒருவரும் இல்லை. ஆயினும் பொய்யே நின்றது. இது யார் பிழை?" என்று கேட்டார். "கருவியின் பிழைதானே, தம்பி?" என்று யாமும் முதலிற் கூறிவிட்டோம். பின்னர்ச் சிந்தித்தவிடத்து அவ்விடை நிரம்பிய விடையாகத் தோன்றவில்லை.

அறிவு பிறக்கும் வாயில்களை நம் சித்தாந்த நூலோர் காட்சி, கருதல், உரை என மூன்றாக அடக்கிக் கூறுவர். கண்டறிதல் காட்சி. கண்டதை ஏதுவாகக் கொண்டு காணாததைத் துணிதல் கருதல். அறிந்தோர் சொல்லக் கேட்டறிதல் உரை. இவற்றுள் எதனாற் பெற்ற அறிவு என்று தெரியாதவிடத்து, அதன் வலிமையும் எளிமையும் தெரியா. மேற்கூறிய நிகழ்ச்சியை இவ்வளவைகளால் அளந்து பார்ப்போம்.

முதல் முகவர் கண்டது, ஒரே எண்ணுடைய இரண்டு பதிவுகள் உள்ளன என்பது மட்டுமே. அது காட்சி, அதிற் பிழையில்லை. அவை தவறாக இரட்டித்தன என்பது கருதல். அக்கருதலுக்குக் கொண்ட ஏது பிறழும் ஏதுவாம். என்னை? எண்ணும் நாளும் ஒத்திருத்தல், தவறாக இரட்டித்தவிடத்தும் உண்டு. இருவர் உழைத்தவிடத்தும் உண்டு. இரண்டிடத்தும் செல்லும் ஏது ஒன்றனைத் துணிவிக்கமாட்டாது. இதுவரை நேர்ந்தது ஒரு கருதற்பிழையே. அத்தகைய பிழை அறிவுடைய மாந்தர்க்கும் நேரும். அதனினும் பெரிய கேடு, குறிப்பேட்டில் எழுதியபொழுது விளைந்தது. கருதிய பொருள் கண்ட பொருள்போல எழுதப்பட்டது. அதனைப் படித்த இரண்டாம் முகவர்க்கு அது உரையாயிற்று; முன்னவர் ஐயுற்றற்கு இடமுண்டு என்னும் குறிப்பே அங்கில்லை. மூன்றாம் முகவரோ நிரலைக் குறிப்பேட்டோடு ஒப்பிட்டதேயன்றி, இரண்டையும் தறியோடு ஒப்பிட்டதில்லை. மூன்று முகவர்கள் ஒருமுகமாக உடன்பட்டன என்பது கேட்பார்க்கு மூன்று சான்றுகள்போலத் தோன்றும். உண்மையில் சான்று ஒன்றுகூட இல்லை. ஒரு கருதலே மூன்றிடத்தும் நின்றது.

'சோதிக்கப்பட்டது' என்னும் சொல்லையும் நோக்குதல் வேண்டும். சோதித்தது கூட்டுத்தொகையை. சோதிக்க வேண்டியிருந்ததோ, அக்கூலி ஒருவர்க்குரியதா இருவர்க்குரியதா என்பதை. எதனைச் சோதித்தோம் என்று கூறாது சோதித்தோம் என்றுமட்டும் எழுதுதல், படிப்பார் மனத்து ஐயத்தைத் தணிக்குமேயன்றி அறிவைத் தாராது.

ஆயின் இப்பிழைக்கு மூலம் யாது? எம் மாணாக்கர் கோர்வை இன்னதென்று நன்கறிந்தவர், தறியோசையிலே வளர்ந்தவர். புடவை ஒன்றற்கு உழைப்பார் இருவர் என்பது அவர்க்கு எழுதத்தக்க செய்தியாகவே தோன்றவில்லை. உலகெங்குமுள்ள எழுத்துகளிலிருந்து பயிற்றப்பட்ட கருவிக்கோ, இவ்வீதியின் வழக்கு தானே விளங்குவதன்று. நமக்கு மிகத் தெரிந்ததையே நாம் பிறர்க்குச் சொல்லாது விடுகின்றோம். அறிவிக்கும் தொழிலில் முதற் குற்றம் இதுவே என்பது ஆசிரியத் தொழில் செய்து முதிர்ந்த எமக்கும் இப்போதுதான் நன்கு விளங்கிற்று. எம்மிடம் பயின்று விளங்காது திகைத்த மாணாக்கர் பலர், யாம் சொல்லாது விட்டதனால் திகைத்தனரோ என்றும் எண்ணுகின்றோம்.

அற்றேல், கருவி வினவியிருக்கலாமே. வினவாமை அதன் குற்றமன்றோ எனின், கூறுதும். உயிர் தானே அறியமாட்டாது, அறிவிக்க அறிவது என்பது நம் சமயத் துணிபு. ஆயினும் உயிர் சித்துப்பொருள். கேட்டதனை ஆராய்தலும், ஐயம் பிறந்தவழி வினவுதலும், தீங்கு விளைந்தவழி வருந்துதலும் அதற்கு உரியன. எனவே உயிர்க்கு அறிவிக்குங்கால் பொறுப்பு அறிவிப்பாரிடத்தும் கேட்பாரிடத்தும் பகுத்து நிற்கும். முகவரோ, எத்துணை நயம்பட மொழியினும், சடப்பொருளேயாம் என்பது எம் கொள்கை. அதனாலேயே அஃறிணை முடிபு கொடுத்தோம். ஐயம் வரின் வினவுக என்று ஏவினால் அது வினவுதலும் உண்டு; அவ்வாறு ஏவுதல் நன்று. ஆயின் மூதாட்டி ஒருவர் கூலியின்றி அஞ்சியிருந்தார் என்பது அதனைச் சுடாது. சுடுதற்கு உள்ளமில்லாத ஒன்றன்மேல் அறத்தின் பொறுப்பை ஏற்றுதல், பொய்க் கணக்கெழுதியவன் எழுதுகோலைப் பழித்தலை ஒக்கும். கேட்பாரிடத்துப் பகுத்து வைக்க இடமின்மையின், பொறுப்பு முழுவதும் அறிவிப்பார்மேல் வந்து சேர்கின்றது. கருவியால் உழைப்புக் குறையலாம், இக்கடன் மிகுதியாயிற்று.

மற்றொருவர் கூறுவார்: "எல்லாச் செய்திகளையும் எல்லா முகவர்க்கும் கொடுத்துவிடின் இக்குறை நீங்குமன்றோ?" என்று. அதுவும் பொருந்தாது. முதலாவது, மிகுதியும் மறைப்பே. நீண்ட செய்தியின் முதலிலும் இறுதியிலும் உள்ளவற்றைப் பயன்படுத்துமளவு நடுவிலுள்ளவற்றை இத்தகைய கருவிகள் நன்கு பயன்படுத்துவதில்லை என்று 2023-இல் வெளிவந்த ஓராய்வு காட்டிற்று. அதன்பின் கருவிகள் பெரிதும் திருந்தினவாயினும், வேண்டுவது வேண்டாததோடு கலந்து கிடப்பின் தேடுதல் அரிதாம் என்பது மாறவில்லை. இரண்டாவது, நெசவாளர் வீட்டுக் கடனும் நோயும் கூலி முன்பணமும் கணக்கேட்டில் உள்ளன. பூவேலையின் வடிவை வரையவந்த முகவர்க்கு அவை எதற்கு? பிறர் மறைபொருளைத் தேவையின்றிப் பரப்புதல் கருவிக்குச் செய்யினும் குற்றமே. மூன்றாவது, செய்தியையும் ஏவலையும் திண்ணமாகப் பிரித்தறிதல் இக்கருவிகட்கு அரிது. தீயோர் ஒருவர் பொதுக் குறிப்பில் ஒரு கட்டளையைச் செய்திபோல ஒளித்துவைப்பின், படித்த முகவர் அதனை ஏவலாகக் கொண்டு செய்துவிடுதலும் கூடும். ஆகவே யாவற்றையும் பகிர்தல் அறமாகாது. உரியதை, உரியதற்கு, உரிய அளவிற் பகிர்தலே அறமாம்.

இன்னும் ஒருவர், "ஒவ்வொன்றையும் மனிதரே நோக்கவேண்டுமாயின் முகவரால் வரும் பயன் யாது?" என்று கடாவுவர். இதற்கு விடை எம் ஊர்த் தறியிலேயே உண்டு. நெய்வார் ஊடை ஒவ்வொன்றையும் எண்ணிக்கொண்டிரார். ஆயின் ஒரு பாவு முடிந்து மறுபாவு ஏற்றுங்கால், பழைய பாவின் இழையோடு புதிய பாவின் இழையை ஒவ்வொன்றாகப் பிணைப்பர். அங்கு ஓரிழை இடம் மாறினும் அக்குறை துணியில் நீளத் தொடரும். ஆதலின் கண்ணும் கையும் முழுவதும் அப்பிணைப்பில் நிற்கும். அதுபோல, முகவரின் தொழில் முழுவதையும் நோக்க வேண்டுவதில்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றற்குச் செய்தி கைமாறும் அவ்விடத்தை, தொழிலறிந்த மனிதர் ஒருவர் நோக்குதல் வேண்டும். மேற்கூறிய குறிப்பின் ஒருவரியை எம் மாணாக்கரோ, நெசவாளர் எவரேனுமோ ஒருமுறை படித்திருப்பின் அன்றே பிழை விளங்கியிருக்கும்.

இனி, ஆள் மாறினும் செய்தி மாறாது நிற்கும்படி எழுதுதற்கு நம் நாட்டிலேயே ஒரு சிறந்த முன்மாதிரி உண்டு. காஞ்சிபுர மாவட்டத்து உத்திரமேரூரில், முதற் பராந்தகசோழர் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. அவ்வூர்ச் சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலையால் தேர்ந்தெடுக்கும் முறையை அவை கூறுகின்றன. முப்பது குடும்புகளாக ஊர் பகுக்கப்பட்டது. தேர்ந்தெடுக்கப்பட்டார் முந்நூற்றறுபது நாள் பணிசெய்து நீங்குவர்; அண்மையில் வாரியஞ் செய்தவர் மீண்டும் உடனே வருதற்கில்லை; வாரியஞ் செய்து கணக்குக் காட்டாது இருந்தவரும் அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டனர். ஆண்டுதோறும் புதியவரே வருதலின், முன்னவர் நெஞ்சிலிருந்தது பின்னவர்க்கு எட்டாது. அந்நிலையில் ஊரின் நினைவாக நின்றது சுவரிலெழுதிய கல்லெழுத்தேயாகும்.

அவ்வெழுத்தின் அமைதியைக் கூர்ந்து நோக்குக. எந்த ஆட்சியாண்டில், யார் முன்னிலையில் முடிபு செய்யப்பட்டது என்பது அங்குளது. எழுதியவர் இன்னார் என்பதும் உளது. தீயோர் கெடவும் நல்லோர் தழைக்கவும் இவ்வொழுங்கு செய்யப்பட்டது என்று நோக்கமும் கூறப்பட்டுளது. இவற்றினும் சிறந்தது ஒன்றுண்டு. முதற் கல்வெட்டு 919-ஆம் ஆண்டினது. இரண்டாவது 921-ஆம் ஆண்டினது. முதல் ஒழுங்கைப் பின்னர்த் திருத்தி விரிவாக அமைத்தது இரண்டாவது. திருத்தியவர் முன்னதனை வெட்டியெறிந்திலர். முன்னர் என்ன கருதினோம், பின்னர் எங்ஙனம் மாற்றினோம் என்பது இரண்டையும் காண்பார்க்கு இன்றும் விளங்கும். ஆயிரத்து நூறாண்டு கடந்த இம்முறையிலிருந்து, நேற்றுத் தோன்றிய கருவியை ஆள்வார் கற்கத்தக்கது உண்டு.

இவற்றையெல்லாம் தொகுத்து எம் மாணாக்கர்க்கு யாம் கூறியது இது. பொதுக் குறிப்பில் எழுதும் ஒவ்வொரு முடிபின் பக்கத்தும், அது கண்டதா, கருதியதா, தொழிலறிந்தோர் சொல்லக் கேட்டதா என்று எழுதச் செய்க. கருதியதாயின் அதன் ஏதுவையும் எழுதச் செய்க. ஏது கண்முன் இருப்பின் பின்வருவார் அது பிறழுமிடத்தைக் காண்டல் எளிது. விதியை எழுதுமிடத்து அதன் காரணத்தை விடாதிருக்க. நாளும் எழுதியது எது என்பதும் குறிக்கப்படுக. பழைய குறிப்புப் பொய்யானவிடத்து அதனைத் திருத்தி, திருத்தியமையையும் காட்டுக. காலங்கடந்த குறிப்பு, குறிப்பின்மையினும் தீது. கைமாறுமிடத்தில் மனிதக் கண் ஒன்று நிற்க. தனக்கு மிகத் தெரிந்தது எதுவோ அதனையே முதற்கண் எழுதுக.

அவர் அங்ஙனமே செய்தார். இப்பொழுது அவருடைய குறிப்பேட்டின் முதல்வரி, கோர்வைப் புடவைக்கு உழைப்பார் இருவர் ஆதலின் கூலிப் பதிவும் இரண்டு என்பதாம். அதனருகே நெசவாளர் சொல்லக் கேட்டது என்ற குறியும் உளது. நிரலைத் திருத்தும் வேலையை முகவர் ஒன்றே சிறிது நேரத்திற் செய்துமுடித்தது.

விடுபட்ட கூலியையும் தறிமுதலாளி உடனே கொடுத்துவிட்டார். ஆயினும் எம் மாணாக்கர் அத்துடன் அமையாது, தாமே அம்மூதாட்டியின் வீட்டிற்குச் சென்று, "பாட்டி, உங்கள் கை தளர்ந்ததென்று யாரும் நிறுத்தவில்லை, நான் எழுத வேண்டியதை எழுதாமல் விட்டேன்" என்று கூறிவந்தார். அம்மொழியை அவர்பொருட்டு வேறெதுவும் சொல்லியிருக்கவியலாது. பிழை யாருடையது என்று எம்மை வினவியவர், விடையைத் தாமே கண்டுகொண்டார் என்று யாம் மகிழ்ந்தோம்.